திணை மயக்கமும் பொறுப்புடைமையும்: வாடிக்கையாளர் சேவையில் ரோபோக்கள், மெய்நிகர் உருவங்கள் குறித்த மக்கள் மனப்பாங்கு – இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வங்கி, அங்காடி, அரசு அலுவலகம் ஆகிய இடங்களில் மனிதர் செய்துவந்த வாடிக்கையாளர் பணியை ரோபோக்களும் உரையாடு மென்பொருள்களும் மெய்நிகர் உருவங்களும் மேற்கொள்ளத் தொடங்கியுள்ளன. இவற்றை மக்கள் விரும்புகின்றனரா வெறுக்கின்றனரா என்னும் வினாவே பெரிதும் எழுப்பப்படுகிறது. அவ்வினாவைத் தமிழ் இலக்கணத்தின் திணைப் பாகுபாடு, தன்மைச் சொல், விளிமுறை ஆகியவற்றின் வழி அணுகும் இக்கட்டுரை, மக்கள் மனப்பாங்கைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் உருவம் அன்று. அதன் பின்னால் பொறுப்பேற்பவர் யார் என்பதே என விளக்குகிறது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தின் வணிக, உழைப்புச் சூழல் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திணை, வழுவமைதி, தன்மைச்சொல், விளிமுறை, ரோபோ, மெய்நிகர் உருவம், பொறுப்புடைமை.

1. முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அண்மையிலுள்ள இரட்டை நகரங்கள் எனத்தக்கவை. முன்னது நூற்பாலைகளாலும், அருகிலுள்ள சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணி நெசவாலும் அறியப்படுவது. பின்னது ஆண்டாள் கோயிலாலும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவாலும், மாவட்ட முதன்மை நீதிமன்றத்தாலும் அறியப்படுவது. பெருநகரங்களில் காணப்படும் வரவேற்பு ரோபோக்கள் இவ்விரு நகரங்களின் அன்றாட வாழ்வில் இடம்பெற்றவை அல்ல. எனினும் பேசும் இயந்திரம் இங்கு வந்துவிட்டது. தொலைபேசியில் எண்களை அழுத்தச் சொல்லும் பதிவுக்குரல், வங்கிச் செயலியின் உரையாடு மென்பொருள், பலசரக்குக் கடையில் வரவுத்தொகையை உரக்க அறிவிக்கும் ஒலிப்பெட்டி, நியாயவிலைக் கடையின் விரல்ரேகைக் கருவி ஆகியன அனைத்தும் வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையில் நிற்கும் இயந்திரங்களே.

எண்ணிக்கை வழிக் கருத்தாய்வு முறையை இக்கட்டுரை மேற்கொள்ளவில்லை. பொதுவெளியில் பதிவான நிகழ்வுகளையும், தமிழ் இலக்கண நூல்களின் கருத்துகளையும், வட்டார வழக்கையும் இணைத்து விளக்கும் முறையே பின்பற்றப்படுகிறது. ஒரு மொழிச் சமூகம் புதிய பொருளொன்றை எவ்வாறு அழைக்கிறது, அதற்கு எவ்வகை வினைமுற்றைத் தருகிறது என்பது, அப்பொருளுக்கு அச்சமூகம் அளிக்கும் இடத்தைக் காட்டும் என்பது இக்கட்டுரையின் அடிப்படை எண்ணமாகும்.

2. ‘லட்சுமி’ முதல் ஒலிப்பெட்டி வரை

தமிழ்நாட்டில் வாடிக்கையாளர் பணிக்கு வந்த ரோபோக்களுள் முன்னோடியாகக் குறிக்கத்தக்கது ‘லட்சுமி’. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1904 முதல் இயங்கிவரும் சிட்டி யூனியன் வங்கி, 2016 நவம்பரில் சென்னையில் இதனை அறிமுகப்படுத்தியது. இந்திய வங்கித் துறையின் முதல் ரோபோ என அது அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 125 பொருள்கள் குறித்த வினாக்களுக்கு விடையளிக்கும் திறன் உடையதாகக் கூறப்பட்டது. பொதுவான வினாக்களுக்குக் குரலால் விடையளித்த அந்த ரோபோ, கணக்கு இருப்பு போன்ற தனிப்பட்ட செய்திகளைத் திரையில் மட்டுமே காட்டுமாறு அமைக்கப்பட்டிருந்தது. பிறர் செவிபடத் தன் கணக்கு இருப்பு சொல்லப்படுவதை ஒருவர் விரும்பார் என்னும் உலகியல் அறிவு அவ்வமைப்பில் வெளிப்படுகிறது.

அந்த மாதத்துக்கு மற்றொரு வரலாற்றுச் சிறப்பும் உண்டு. 2016 நவம்பர் 8 அன்று 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. நாடெங்கும் வங்கி வாயில்களில் மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வரிசையில் நின்றவர்க்குத் தேவைப்பட்டது விடையளிக்கும் பொறி அன்று; தம் நிலையைக் கேட்டுத் தீர்வு சொல்லும் அதிகாரம் பெற்ற ஊழியரே. செய்தி வேண்டி வரும் வாடிக்கையாளரும் தீர்வு வேண்டி வரும் வாடிக்கையாளரும் வேறுவேறானவர் என்பதை இவ்விரு நிகழ்வுகளின் உடனிகழ்ச்சி நன்கு புலப்படுத்துகிறது.

இதனைத் தொடர்ந்து, 2017இல் எச்டிஎஃப்சி வங்கி மும்பையில் ‘ஐரா’ என்னும் ரோபோவையும், இணையவழி உரையாடலுக்கு ‘ஈவா’ என்னும் மென்பொருளையும் கொணர்ந்தது. 2018இல் இந்திய இரயில்வேயின் உணவு மற்றும் சுற்றுலாக் கழகம் ‘ஆஸ்க் திஷா’ என்னும் உரையாடு மென்பொருளை அறிமுகம் செய்தது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உணவு பரிமாறும் ரோபோக்களைக் கொண்ட உணவகங்கள் தோன்றின. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுசெல்ல மருத்துவமனைகளில் ரோபோக்கள் பயன்பட்டன. 2024 மே மாதத்தில் தூர்தர்ஷன் கிசான் அலைவரிசை, உழவர்களுக்கான நிகழ்ச்சிகளை வழங்க ‘கிரிஷ்’, ‘பூமி’ என்னும் இரு மெய்நிகர் அறிவிப்பாளர்களைக் களமிறக்கியது.

இவற்றுள் எதுவும் சிறுநகர மக்களின் வாழ்வில் ஒலிப்பெட்டி அளவுக்கு வேர் பிடிக்கவில்லை. 2019இல் பேடிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய இக்கருவியும், பின்னர்ப் பிற நிறுவனங்கள் கொணர்ந்த அதன் வகைகளும், இன்று தேநீர்க் கடை முதல் பூக்கடை வரை பரவியுள்ளன. வாடிக்கையாளர் செல்பேசியால் பணம் செலுத்தியதும் தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் இப்பெட்டிக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. ஆயினும் அதன் சொல்லை விற்பவரும் வாங்குபவரும் ஒருசேர நம்புகின்றனர். முகமும் பெயரும் பெற்ற ரோபோ வேடிக்கைப் பொருளாக எஞ்ச, முகமற்ற பெட்டி நம்பிக்கைக்குரியதானது எவ்வாறு என்பதே இங்கு விளக்கப்பட வேண்டியதாகும்.

3. எத்திணை?

தமிழில் பெயர்ச்சொல் ஒன்றைச் சொன்ன அளவில் அதற்குரிய திணையையும் சொல்லியாக வேண்டியுள்ளது. மக்களைச் சுட்டுவது உயர்திணை எனவும், அவரல்லாத பிற அனைத்தும் அஃறிணை எனவும் தொல்காப்பியம் வகுக்கிறது. நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையுள் சேர்க்கிறது. உடலமைப்பைக் காட்டிலும் பகுத்தறிவும் ஒழுக்கமுமே உயர்திணைக்கு அடிப்படை என்பது உரை மரபில் வலியுறுத்தப்பட்ட கருத்து.

ரோபோவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களிலேயே இச்சிக்கல் தொடங்கிவிடுகிறது. ‘இயந்திர மனிதன்’ என்னும் பழைய மொழிபெயர்ப்பும், 2010இல் வெளிவந்த திரைப்படத்தால் பரவலான ‘எந்திரன்’ என்னும் சொல்லும் ஆண்பால் ஈறு பெற்று உயர்திணையாய் நிற்கின்றன. ‘ரோபோ’ என்னும் கடன்சொல்லோ எவ்வீறும் இன்றி அஃறிணை முடிபை இயல்பாக ஏற்கிறது. பெண்பெயர் சூட்டப்பட்ட ரோபோவைக் குறித்து எழுதுவோர், ‘லட்சுமி விடையளிக்கிறது’ என்பதா, ‘விடையளிக்கிறாள்’ என்பதா, ‘விடையளிக்கிறார்’ என்பதா எனத் தேர்ந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் பிரதிப்பெயரில் மட்டுமே எழும் இத்தேர்வு, தமிழில் ஒவ்வொரு படர்க்கை வினைமுற்றிலும் எழுகிறது. ஆகவே தமிழ் பேசுவோர் இயந்திரம் குறித்த தம் மனப்பாங்கை ஒவ்வொரு வாக்கியத்திலும் வெளிப்படுத்தியவாறே உள்ளனர்.

‘அவதார்’ என்னும் சொல்லும் இவ்வாறே கருதத்தக்கது. ஆண்டாள் அவதரித்த தலமாகப் போற்றப்பெற்று, ஆடிப்பூரத்தைப் பெருவிழாவாகக் கொண்டாடும் திருவில்லிபுத்தூரில், அவதாரம் என்பது காண்டற்கரிய தெய்வம் மனித உடல் கொண்டு மண்ணில் இறங்குதலைக் குறிக்கும். கணினித் துறையில் அச்சொல் குறிப்பதோ உடலற்ற உருவத்தை. முதலாவது, அணுக இயலாததை அணுகத்தக்கதாக்குகிறது. இரண்டாவது, அணுகத்தக்க நிறுவனத்தைத் திரைக்கு அப்பால் நிறுத்திவிடக் கூடியது.

திணை மாறி வழங்குவதை இலக்கணம் முற்றிலும் தடுக்கவில்லை. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருதல் இயல்பே என நன்னூல் அமைதி கூறும். பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று உவப்பினால் உயர்திணையாக்கிக் கூறுவது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. இங்கு பசுவின் உருவம் மனித உருவத்தை ஒத்திருப்பது காரணமன்று. பேசுவோர்க்கும் பசுவுக்கும் உள்ள உறவே காரணம். இயந்திரம் மனிதரைப் போல் தோன்றினால் மக்கள் அதனை மனிதராக ஏற்பர் என்னும் வடிவமைப்பாளர் நம்பிக்கைக்கு இது தக்க மறுப்பாகும். உருவம் ஒப்புமையைத் தரலாம்; திணையைத் தருவது உறவே.

உலகளாவிய ஆய்வுகளும் இதற்கு அரண் சேர்க்கின்றன. உருவ ஒப்புமை ஓர் எல்லையைத் தாண்டி மனிதரை நெருங்கும்போது விருப்பத்துக்கு மாறாக அருவருப்பே தோன்றும் என்பதை 1970இல் சப்பானியப் பொறியியலறிஞர் மசாஹிரோ மோரி எடுத்துரைத்தார். மறுபுறம், மிக எளிய கணினியிடம்கூட மக்கள் தம்மையறியாமல் பணிவுடன் நடந்துகொள்கின்றனர் என்பதை பைரன் ரீவ்ஸ், கிளிஃபோர்டு நாஸ் ஆகியோரின் 1996ஆம் ஆண்டு நூல் விளக்கியது. பணிவு காட்டுவதும் நம்புவதும் வேறுவேறு என்பதே இவ்விரண்டையும் ஒருங்கு நோக்கும்போது பெறப்படும் உண்மை.

4. ‘செருகவும்’ என்பதிலிருந்து ‘நான்’ என்பதற்கு

பணம் வழங்கும் தானியங்கி இயந்திரம் பழகிய பல ஆண்டுகளாகத் தமிழர் கண்ட இயந்திரத் தமிழ் ஒரே வகையினது. ‘அட்டையைச் செருகவும்’, ‘சற்றுக் காத்திருக்கவும்’ என்பன போன்ற பணிவேவல் தொடர்களே அவை. வியங்கோளின் பணியை இக்கால எழுத்து வழக்கில் ஆற்றும் இவ்வடிவம், திணை, பால், எண் எதையும் காட்டாதது. சொல்பவர் யார் என்பதையும் அது வெளிப்படுத்தாது. சுவரில் எழுதப்பட்ட அறிவிப்பைப் போன்றே அது நின்றது. எனவே திணைச் சிக்கல் எழவில்லை.

உரையாடு மென்பொருள் வந்தபின் நிலைமை மாறியது. ‘நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?’ என இயந்திரம் தன்மையில் பேசத் தொடங்கியது. தமிழ் இலக்கண வரலாற்றில் தன்மைச் சொல்லின் இடம் கருதத்தக்கது. தொல்காப்பியம் யான், யாம், நாம் ஆகிய தன்மைப் பெயர்களை உயர்திணைப் பெயர்களோடு வைத்து எண்ணுகிறது. நன்னூலோ தன்மைப் பெயர்களையும் முன்னிலைப் பெயர்களையும் இருதிணைப் பொதுப்பெயர்களாகக் கொள்கிறது. தொல்காப்பிய நெறிப்படி ‘நான்’ என்பவர் மக்களுள் ஒருவர். நன்னூல் நெறிப்படி ‘நான்’ என்ற அளவில் திணை துணியப்படாது. கேளாதன கேட்பன போலவும் பேசாதன பேசுவன போலவும் கூறப்படும் மரபையும் நன்னூல் ஏற்கிறது.

இன்றைய வாடிக்கையாளரின் தடுமாற்றம் இவ்விரு நெறிகளுக்கும் இடைப்பட்டது. ‘நான்’ என்று கேட்டவுடன் அவர் மறுமுனையில் ஆள் உண்டென எண்ணித் தம் குறையை விரிவாகச் சொல்லத் தொடங்குகிறார். அதே விடை மும்முறை திரும்ப வரும்போதுதான் அது பொறி என உணர்கிறார். அப்போது எழும் சினம் இயந்திரத்தின் அறியாமை குறித்து மட்டும் எழுவதன்று. ஆள் எனக் காட்டப்பட்டதன் மீதும் எழுவது. ‘மன்னிக்கவும்’ என இயந்திரம் கூறும்போது இது மேலும் கூர்மையடைகிறது. மன்னிப்புக் கேட்பதற்குத் தவறு செய்தவர் ஒருவர் வேண்டும். தவற்றை ஏற்பவர் இல்லாத மன்னிப்பு ஒலியளவில் நின்றுவிடுகிறது.

5. விளிமுறையும் வணிக உறவும்

தென்மாவட்ட வணிக வழக்கில் கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என விளிப்பது நெடுங்கால மரபு. வயதில் இளையவராயினும் கல்லாவில் அமர்ந்தவர் அண்ணாச்சியே. வாடிக்கையாளரை அவர் வயதும் உறவும் நோக்கித் தம்பி, அக்கா, ஐயா, தாயி என அழைப்பார். இம்முறைப்பெயர்கள் வெறும் பணிவுச் சொற்கள் அல்ல. வணிக ஒப்பந்தத்தின் உறுப்புகள். அண்ணாச்சி என விளிக்கப்பட்டவர் எடை குறைந்தால் விடை சொல்லக் கடமைப்பட்டவர். மாதக் கடைசியில் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுக்கும் உரிமை உடையவர். ‘போன மாசக் கணக்கே நிக்குது’ என்று கேட்கும் உரிமையும் உடையவர். வாடிக்கை என்னும் சொல்லே தொடர்ந்து வருதலாகிய பழக்கத்தைக் குறிப்பது.

வங்கியில் விளிமுறை மாறுகிறது. அங்கு ‘சார்’, ‘மேடம்’ என்பன வழங்குகின்றன. உறவு குறைகிறது, ஆயினும் பொறுப்பு நிற்கிறது. படிவத்தில் பிழை நேர்ந்தால் இன்ன இருக்கையில் இருப்பவரிடம் கேட்கலாம் என்பது வாடிக்கையாளர்க்குத் தெரியும். உரையாடு மென்பொருளை விளிக்கவோ தமிழில் சொல் அமையவில்லை. அதனை அண்ணாச்சி என்பார் இலர். சார் என்பாரும் இலர். விளிக்கப்படாத ஒன்றிடம் முறையிடுவது கடினம். பெண்பெயர் சூட்டியும் பெண்குரல் அளித்தும் நிறுவனங்கள் இவ்விடைவெளியை நிரப்ப முயல்கின்றன. பணிவுள்ள உதவியாளர் என்றால் பெண்ணே என்னும் பழைய எண்ணத்தை இத்தகைய குரல்கள் உறுதிப்படுத்துகின்றன என 2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை சுட்டியது. லட்சுமி, ஐரா, ஈவா, திஷா என மேலே கண்ட பெயர்வரிசையும் இக்கருத்துக்கு இயைந்தே நிற்கிறது.

இப்போது ஒலிப்பெட்டியின் வெற்றிக்கான காரணம் விளங்கும். அது ‘நான்’ என்பதில்லை. அண்ணாச்சியின் இடத்தில் அமர்வதும் இல்லை. அவர் அருகில் இருந்து, நேர்ந்ததைச் சான்றுரைக்கிறது. பணம் வந்ததா இல்லையா என்னும் வழக்கில் இருவர்க்கும் பொதுவான சாட்சியாய் விளங்குகிறது. சான்றுரைத்தல் அஃறிணைக்கும் இயலும் பணி. தராசும் படியும் நெடுங்காலமாக அதனையே செய்துவந்தன. விடை சொல்லும் கடமை அண்ணாச்சியிடமே எஞ்சுகிறது.

6. மனப்பாங்கின் மூன்று நிலைகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், வாடிக்கையாளர் பணிகளை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, அறிவிக்கும் பணி. கணக்கு இருப்பு, வண்டி வரும் நேரம், மின்கட்டணத் தொகை போன்றவற்றைத் தெரிவித்தல் இதன்பாற்படும். விடை ஒன்றே, அதில் இரக்கத்துக்கோ விருப்பு வெறுப்புக்கோ இடமில்லை. இவ்விடத்தில் மக்கள் இயந்திரத்தைத் தயக்கமின்றி ஏற்கின்றனர். சிலபோது மனிதரைவிட விரும்பவும் செய்கின்றனர். இருப்பு நூறு ரூபாய் என்பதை முகம் தெரிந்தவரிடம் கேட்கும் கூச்சம் இயந்திரத்திடம் இல்லை.

இரண்டாவது, தேர்ந்தளிக்கும் பணி. எக்கடன் ஏற்றது, எப்பொருள் தரமானது என்பன போன்ற வினாக்கள் இதில் அடங்கும். திருவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குபவர் சுவை பார்த்து, இன்று கிண்டியதா எனக் கேட்டு வாங்குகிறார். விற்பவர் சொல்லும் விடைக்கு அவருடைய கடையே பிணை. இவ்வகையில் இயந்திரம் துணையாகக் கொள்ளப்படும். முடிவு சொல்பவராகக் கொள்ளப்படாது.

மூன்றாவது, குறைதீர்க்கும் பணி. பணம் தவறாகப் பிடிக்கப்பட்டது, பெயர் பட்டியலில் இல்லை, ரேகை பொருந்தவில்லை என வருபவர்க்கு வேண்டுவது விதியைச் சொல்பவர் அல்லர். விதிக்குள் வழி காண்பவர். இங்கு இயந்திரம் மட்டும் நிற்பின் மக்கள் மனப்பாங்கு வெறுப்பாகவே அமைகிறது. அவ்வெறுப்பைப் புதுமைக்கு எதிரான பழமைப் பற்று என ஒதுக்குதல் பொருந்தாது.

சப்பானின் நாகசாகி மாநிலத்தில் 2015இல் ரோபோ ஊழியர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட ஹென்னா விடுதியின் பட்டறிவும் இதற்கு இயைந்தது. அறையிலிருந்த பேசும் பொம்மை, உறங்குபவரின் குறட்டையை வேண்டுகோள் எனக் கொண்டு அவரை எழுப்பிய செய்தி பரவலாக அறியப்பட்டது. 2019இல் அவ்விடுதி தன் 243 ரோபோக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றைப் பணியிலிருந்து நீக்கியது. ரோபோக்களிடம் பெரிதும் பழகிய நாட்டிலும் இந்நிலை ஏற்பட்டமை, இச்சிக்கல் சிறுநகர மக்களின் அறியாமையால் விளைவதன்று என்பதை உணர்த்தும்.

7. பொறிக்குள் மறைந்தவர்

தமிழ் இலக்கியம் பொறிகளை அறியாததன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் அமைத்த மயிற்பொறி, கருவுற்ற விசயையை ஏந்திப் பறக்கிறது. கொங்குவேளிர் பெருங்கதையாகப் பாடிய உதயணன் கதையில், பிரச்சோதனன் அமைத்த இயந்திர யானை வருகிறது. யாழால் யானைகளை வயப்படுத்தும் உதயணன் அதனை மெய்யான யானை எனக் கருதி நெருங்க, உள்ளே மறைந்திருந்த வீரர் அவனைச் சிறைப்பிடிக்கின்றனர்.

இவ்விரு பொறிகளுக்கும் உள்ள வேறுபாடு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. மயிற்பொறி, தான் பொறி என்பதை மறைக்கவில்லை. அமைத்தவன் இன்னான் என்பது விசயைக்குத் தெரியும். யானைப்பொறியோ பொறி என்பதையும் மறைத்தது, உள்ளிருந்தவரையும் மறைத்தது. மக்கள் அஞ்சுவது இரண்டாம் வகையையே.

நிறுவனங்கள் பொறிக்குள் மறைய இயலுமா என்னும் வினா அண்மையில் கனடாவில் வழக்காக எழுந்தது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடு மென்பொருள், துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகை குறித்துப் பயணி ஒருவர்க்குத் தவறான விடை அளித்தது. மென்பொருளின் சொல்லுக்குத் தான் பொறுப்பாகாது என்னும் பாங்கில் நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா உரிமையியல் தீர்ப்பாயம் அதனை ஏற்காமல், தன் தளத்தில் இடம்பெறும் செய்தி அனைத்துக்கும் நிறுவனமே பொறுப்பு எனக் கூறி இழப்பீடு வழங்கச் செய்தது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், தாம் உரையாடுவது இயந்திரத்துடன் என்பதை மக்களுக்குத் தெரிவிக்கும் கடமையை வகுத்துள்ளது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2021இல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டமும் முறையீட்டுக்கு வழி தந்துள்ளன. எனினும் அவ்வழியை அடையும்வரை வாடிக்கையாளர்க்கு எதிரே நிற்பது பெரும்பாலும் பொறியே.

8. உயிரோடிருப்பதற்குச் சான்று

இவ்வட்டாரத்தில் இச்சிக்கல் யாரைத் தொடுகிறது என்பதற்கு ஓய்வூதியம் தக்க சான்று. நூற்பாலைகளில் உழைத்து ஓய்வுபெற்றோர் பலர் 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வருபவர். அத்திட்டத்தின் குறைந்த அளவு ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1000 ரூபாய். அதனைத் தொடர்ந்து பெற ஆண்டுக்கொரு முறை தாம் உயிரோடிருப்பதற்குச் சான்றளிக்க வேண்டும். 2014 நவம்பர் 10 அன்று தொடங்கப்பட்ட மின்னணு வாழ்நாள் சான்று முறை, இதனை விரல்ரேகை, கருவிழி வழி நிறைவேற்றுகிறது. 2021 முதல் முக அடையாள முறையும் ஓய்வூதியர்க்குத் திறக்கப்பட்டது. அலுவலகம் வரை நடந்து வரிசையில் நிற்க வேண்டிய துன்பத்தை இது குறைத்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நூலோடும் பஞ்சோடும் பல்லாண்டு உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்திருப்பது இயல்பு. முதுமையும் ரேகையை மங்கச் செய்யும். கருவி ‘பொருந்தவில்லை’ எனக் காட்டும்போது, எதிரே நிற்கும் மனிதர் தம் உயிரிருப்பை மெய்ப்பிக்க இயலாதவராகிறார். நியாயவிலைக் கடைகளிலும் விரல்ரேகை முறை வந்தபின் இத்தகைய தடை எழுந்தது. அங்குக் கடை ஊழியர் முதியவரை அறிவார், கருவி அறியாது. அறிந்தவரின் சொல்லைக் கருவியின் சொல் வெல்லும் நிலையே மனக்கசப்பின் ஊற்று. திணையைத் துணிய வேண்டிய இடத்தில் உயர்திணையார் அஃறிணையிடம் சான்று வேண்டி நிற்கின்றனர்.

இதற்கு மாற்றும் கண்கூடாக உள்ளது. 2020 நவம்பர் முதல் இந்திய அஞ்சலகப் பேமண்ட்ஸ் வங்கி, அஞ்சல்காரர் வழி வீட்டு வாயிலிலேயே வாழ்நாள் சான்று பதிவுசெய்யும் பணியை அளித்துவருகிறது. கருவி அதே கருவிதான். ஆனால் அதனைக் கையில் ஏந்தி வருபவர் பெயர் தெரிந்த மனிதர். விரலைத் துடைத்து மீண்டும் வைக்கச் சொல்பவரும், வேறு விரலை முயன்று பார்ப்பவரும், இயலாவிடின் அடுத்து யாரைக் காண வேண்டும் எனச் சொல்பவரும் அவரே. ஒலிப்பெட்டி அண்ணாச்சியின் அருகில் இருப்பது போலவே, இங்குக் கருவி அஞ்சல்காரரின் கையில் இருக்கிறது. இரண்டிலும் இயந்திரம் மனிதரை அகற்றவில்லை.

9. எத்தமிழ்?

மனப்பாங்கை உருவாக்குவதில் மொழிநடைக்கும் பங்குண்டு. இயந்திரங்களின் தமிழ் பெரும்பாலும் எழுத்துத் தமிழ். அதிலும் மொழிபெயர்ப்புத் தமிழ். ‘தங்கள் கோரிக்கை செயலாக்கப்படுகிறது’ என்பதைக் கேட்கும் முதியவர், பணம் வருமா வராதா என்றே வினவுவார். அவர் பேசுவதோ வட்டாரத் தமிழ். இராசபாளையத்தில் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்களும் கணிசமாக உள்ளன. அவர்தம் தமிழுக்குத் தனி ஓசை உண்டு. இரட்டை வழக்கு மொழியாகிய தமிழில் பேச்சை அறியும் மென்பொருள், வட்டாரந்தோறும் வேறுபடும் ஒலிகளைப் பயின்றாக வேண்டும். நடுவண் அரசின் பாஷிணித் திட்டமும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத் ஆய்வு மையமும் இந்திய மொழிகளுக்கான இத்தகைய தரவுகளைத் தொகுத்துவருகின்றன. தமிழ்த் துறைகள் இம்முயற்சிகளுக்கு வட்டார வழக்கு அறிவை வழங்கக் கடமைப்பட்டவை.

சொல்லமைப்பிலும் தமிழ்த் துறைகள் துணைபுரியலாம். இயந்திரம் தன்னைக் குறிக்க ‘நான்’ என்பதைத் தவிர்த்து, ‘இது தானியங்கிச் சேவை, வங்கியின் சார்பில் விடை தருகிறது’ எனத் தொடங்கலாம். ‘மன்னிக்கவும்’ என்பதற்கு மாறாக, ‘இவ்வினாவுக்கு இங்கு விடை இல்லை, கிளை மேலாளரை இந்த எண்ணில் அழைக்கலாம்’ எனக் கூறலாம். முன்னது பணிவை நடிக்கிறது. பின்னது வழியைக் காட்டுகிறது.

10. முடிவுரை

வாடிக்கையாளர் சேவையில் இயந்திரங்கள் குறித்த மக்கள் மனப்பாங்கை விருப்பு, வெறுப்பு என்னும் இரு சொற்களுள் அடக்க இயலாது என்பது இக்கட்டுரையால் பெறப்படும். மனித உருவமும் பெண்பெயரும் இனிய குரலும் இயந்திரத்துக்கு நம்பிக்கையைத் தேடித் தருவதில்லை. முகமற்ற ஒலிப்பெட்டி ஏற்கப்பட்டதும், முகமுள்ள ரோபோ வேடிக்கையாக நின்றதும் இதனைக் காட்டும். திணை மயக்கத்துக்கு இலக்கணம் கூறிய காரணங்கள் யாவும் உறவின் பாற்பட்டவை. அவ்வுறவின் உள்ளீடு, கேட்டால் விடை சொல்லும் கடமையாகும்.

எனவே அறிவிக்கும் பணியில் இயந்திரத்தைத் தயங்காமல் பயன்படுத்தலாம். தேர்ந்தளிக்கும் பணியில் துணையாகக் கொள்ளலாம். குறைதீர்க்கும் பணியில் அதன் அருகே அதிகாரம் பெற்ற மனிதர் ஒருவர் இருத்தல் வேண்டும். கிளை அலுவலகத்தில் ஓர் இருக்கையைக் குறைக்கும்போது நிறுவனம் மிச்சப்படுத்துவது ஊதியத்தை. வாடிக்கையாளர் இழப்பது முறையிடும் இடத்தை. இவ்விழப்பு சமமாகப் பகிரப்படுவதில்லை. படித்தவர்க்கும் இளையவர்க்கும் அது சிறு இடையூறு. தேய்ந்த விரலோடு வரும் ஆலைத் தொழிலாளர்க்கு அது ஒரு மாத ஓய்வூதியம்.